புரட்டாசியிலும் சொல்லப்படும் விலை

நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலை என்ன என்பது தமிழ் நாளிதழ்களில் வழக்கமாக வரும் ஒரு சின்னச் செய்தி. ஐந்து காசு ஏறியது, பத்து காசு இறங்கியது, மாற்றமில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். முட்டை தொடாத வீட்டில்கூட நாமக்கல் என்றால் முட்டை என்று தெரிந்திருப்பதற்கு இந்தச் சின்னச் செய்திக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். புரட்டாசி பிறந்ததும் கொங்கு நாட்டில் பல வீடுகளில் கவுச்சி சமைப்பது நிற்கும். முட்டை தேங்கும், விலை விழும். விழுந்த விலையும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியாகும். வியாபாரம் நன்றாக இருக்கும்போது மட்டும் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் சிறுதொழில் நடத்துகிற பலரிடம் விளம்பரம் நேர்மாறாக நடக்கிறது. கடை திறக்கும்போது ஃபிளெக்ஸ், தீபாவளிக்கு நோட்டீஸ், விற்பனை படுத்துவிட்டால் கையிருப்பைக் கொட்டி பேஸ்புக்கில் பத்து நாள் விளம்பரம், பிறகு அடுத்த நெருக்கடி வரை மௌனம். பணம் செலவாகிறது, பெயர் நிற்பதில்லை. மோசமான மாதத்திலும் விடாமல் செய்ய முடிகிற அளவு எதுவோ, அதுதான் ஒரு சிறு வியாபாரிக்குச் சரியான விளம்பர அளவு என்பது என் வாதம். அந்த அளவைப் பணத்தை வைத்து முடிவு செய்வதைவிட, தொழிலின் அன்றாட வேலையை வைத்து முடிவு செய்வதே நிலைக்கும்.

முட்டையின் கதை இதற்கு நல்ல சான்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாமக்கல் தனி மாவட்டமாக இல்லை. சேலத்தின் ஒரு பகுதியாக இருந்து 1997 ஜனவரி 1 அன்றுதான் பிரிந்தது. 1980–81இல் இந்தியா முழுவதும் உற்பத்தியான முட்டை ஏறக்குறைய 1,006 கோடி. தலைக்கு ஆண்டுக்குப் பதினைந்து முட்டைகூட வராது. அந்தக் குறைந்த உற்பத்திக்கே விலை கிடைக்கவில்லை. பெருநகர மொத்த வியாபாரிகள் சொன்னதுதான் விலை. கோழிக்குத் தீவனம் போடுவதை ஒரு நாளும் நிறுத்த முடியாது, இட்ட முட்டையை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே பேரம் பேசும் வலு பண்ணைக்காரரிடம் இல்லை. உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை போனதால் நாட்டின் பல இடங்களில் பண்ணைகள் மூடப்பட்டன. வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் டாக்டர் பி.வி. ராவ் ஊர் ஊராகப் பண்ணைக்காரர்களைக் கூட்டிப் பேசி, 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாக வழிசெய்தார். நம் பக்கத்தில் என்.இ.சி.சி. என்றே சொல்கிறார்கள். அந்த அமைப்பு இரண்டு வேலைகளைக் கையில் எடுத்தது. பண்ணை விலையைப் பண்ணைக்காரர்களே அறிவிப்பது ஒன்று. முட்டை சாப்பிடுங்கள் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பது மற்றொன்று. ஞாயிறானாலும் திங்களானாலும் நாள்தோறும் முட்டை சாப்பிடுங்கள் என்ற பொருளில் தூர்தர்ஷனில் ஒலித்த இந்தி வாசகம் அந்த அமைப்பினுடையதுதான். எந்தப் பண்ணையின் பெயரும் அதில் இல்லை. ஆண்டுகள் ஓடியும் சொல்லும் செய்தி மாறவில்லை.

2023–24இல் நாட்டின் முட்டை உற்பத்தி 14,277 கோடியை எட்டியது. தலைக்கு ஆண்டுக்கு 103. மாநிலங்களில் ஆந்திரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. இந்த வளர்ச்சி முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. நல்ல கோழி இனங்கள் வந்தன, தீவனமும் தடுப்பூசியும் மேம்பட்டன, மக்களின் வருமானம் கூடியது. எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, 2010க்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாளும் என்றானது. பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை வாங்கும் அரசைவிட உறுதியான வாடிக்கையாளர் பண்ணைகளுக்குக் கிடைப்பது அரிது. இத்தனை காரணங்களுக்கு நடுவே விளம்பரத்தின் பங்கைத் தனியே அளந்து காட்ட முடியாது. ஆகவே விடாமல் பேசுவதால் பலன் உண்டா என்ற கேள்விக்கு வேறு இடத்திலும் சான்று தேடவேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு சான்று 1959இல் வெளியானது. அமெரிக்காவில் ஹ்யூபர்ட் ஜீல்ஸ்கி என்ற ஆய்வாளர், ஓர் உணவுப் பொருளின் 13 விளம்பரங்களைப் பெண்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒன்றாகப் பதின்மூன்றே வாரத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்தன. மற்றொரு பிரிவினருக்கு அதே 13 விளம்பரங்கள் நான்கு வாரத்துக்கு ஒன்றாக ஓர் ஆண்டு முழுவதும் போயின. செலவு இரண்டிலும் ஒன்றே. பதின்மூன்றாவது வாரத்தில் முதல் பிரிவில் 63 சதவீதம் பேருக்கு விளம்பரம் நினைவிருந்தது. அனுப்புவது நின்றதும் அந்த நினைவு சில வாரங்களிலேயே பாதிக்கும் கீழே சரிந்தது. இரண்டாவது பிரிவில் நினைவு மெல்ல மெல்ல ஏறி ஆண்டு முடிவில் 48 சதவீதத்தில் நின்றது. ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் வாரந்தோறும் பெற்றவர்களில் 21 சதவீதமும், மாதந்தோறும் பெற்றவர்களில் 29 சதவீதமும் நினைவு வைத்திருந்தார்கள். பத்து நாளில் பணத்தைக் கொட்டிவிட்டுப் பத்து மாதம் மௌனமாக இருக்கும் நம்மூர்க் கடைக்காரர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது சொல்லாமலே விளங்கும். அவருடைய வாடிக்கையாளர் அந்தப் பத்து மாதத்தில்தான் மோட்டார் பழுதாகி வருகிறார், கல்யாணத்துக்குச் சேலை தேடுகிறார், வீட்டுக்குக் கிரில் கதவு போட ஆள் விசாரிக்கிறார். மக்களின் தேவை நாம் விளம்பரம் செய்கிற நாளுக்காகக் காத்திருப்பதில்லை.

இதே ஆய்வு எதிர்வாதத்துக்கும் இடம் தருகிறது, அதை மறைக்கக் கூடாது. உச்சம் வேண்டுமானால் கொட்டிச் செய்வதே சரி. 63 என்பது 48ஐ விடப் பெரியது. சேலத்து மாம்பழம் சித்திரை, வைகாசி, ஆனி என்று சில மாதங்கள்தான். ஐப்பசியில் மாம்பழ வியாபாரி பேசி என்ன ஆகப்போகிறது? பட்டாசுக் கடைக்கும் பொங்கல் கரும்புக்கும் இதே நியாயம் பொருந்தும். அவர்கள் பருவத்தில் வலுவாகச் செய்யட்டும். ஆனால் நம் ஊர்த் தொழில்களை எண்ணிப் பார்த்தால் அப்படிப்பட்டவை குறைவு. லாரி பாடி கட்டும் பட்டறை, மரச்செக்கு, தையல் கடை, மெஸ், பிலிக்கல்பாளையம் பக்கத்து வெல்ல வியாபாரம், கொலுசுப் பட்டறை என எல்லாம் ஆண்டு முழுவதும் ஓடுகிறவை. ஏற்ற இறக்கம் இருக்கும், நிற்காது. அவர்களும் மாம்பழ வியாபாரியின் முறையில் விளம்பரம் செய்வதுதான் சிக்கல்.

நெருக்கடி வரும்போது இந்த வேறுபாடு பணமாகவே தெரியும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. நோய் அங்கே, விலை வீழ்ச்சி நாமக்கல் வரை. 2020 தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஓடியபோதும் கறியும் முட்டையும் படுத்தன. இரண்டு முறையும் தொழில் மீண்டது. மீட்பில் மருத்துவர்களுக்கும் அரசு அறிவிப்புகளுக்கும் பங்கு இருந்தது. ஆனால் பயந்துபோன மக்களிடம் பேச வேண்டிய நாளில் பண்ணைக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களாக வந்து நிற்கவில்லை. பல பத்தாண்டுகளாக மக்கள் கேட்டுப் பழகிய குரல் அவர்களுடையது. சிறு வியாபாரிக்கும் இப்படி ஒரு நாள் வரும். பக்கத்துத் தெருவில் பெரிய நிறுவனத்தின் கிளை திறக்கும், தன் கடையின் எண்ணெயைப் பற்றித் தவறான செய்தி பரவும், மூலப்பொருள் விலை ஏறி விற்பனை விலையைக் கூட்டியாக வேண்டியிருக்கும். அன்றைக்கு மட்டும் வாய் திறந்தால் விளக்கம் சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். உழைப்பின் மேல் உள்ள மரியாதையில் சொல்கிறார்கள், அதனால் அதைத் தள்ளிவிட மனம் வருவதில்லை. வாய்வழி நற்பெயருக்கு நிகரான விளம்பரம் இல்லை என்பதும் உண்மை. என்றாலும் 1981இல் விலையில்லாமல் கிடந்த முட்டையில் சத்துக் குறைவு எதுவும் இல்லை. பொருளின் தரம், வந்தவர் திரும்பி வர வழிசெய்யும். முதல்முறை ஒருவர் வருவதற்கு அப்படி ஒரு பொருள் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய்வழிப் பேச்சுக்கும் ஒரு சாக்கு தேவை. எதையாவது பார்த்தால்தான் ஒருவருக்கு ஒரு கடை நினைவுக்கு வருகிறது, நினைவுக்கு வந்தால்தான் அடுத்தவரிடம் சொல்கிறார். ஒரு தினசரிக் காலண்டரின் தலைப்பட்டையில் அச்சாகும் கடைப் பெயர் ஆண்டுக்கு 365 நாளும் அடுப்படிச் சுவரில் இருக்கிறது. மஞ்சப்பையில் அச்சிட்ட முகவரி சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வருகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலம் வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. பெரிய எழுத்தில் உள்ள பெயரும் தொலைபேசி எண்ணும்தான் போகிற வழியெல்லாம் பேசுகின்றன. இவற்றையெல்லாம் நம் பெரியவர்கள் விற்பனைத் தத்துவம் படித்துச் செய்யவில்லை. ஒருமுறை செய்தால் நெடுநாள் தானாகப் பேசும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நேரம் இல்லை என்பது அடுத்த எதிர்வாதம். எனக்குக் கனமாகத் தோன்றுவதும் இதுதான். விடிகாலை நான்கு மணிக்கு மாவு அரைக்கத் தொடங்கி இரவு கல்லாவை எண்ணி முடிக்கிற ஒருவரிடம், தினமும் ஒரு ரீல்ஸ் எடுங்கள், இசை சேருங்கள், புதிதாக யோசியுங்கள் என்று ஆலோசனை சொல்வது அவர் வாழ்க்கையைத் தெரியாதவர்கள் செய்கிற காரியம். மூன்று வாரம் செய்வார், களைப்பார், விட்டுவிடுவார். தன்னால் முடியவில்லை என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். முட்டை விலை அறிவிப்பு இத்தனை ஆண்டுகள் நிற்காமல் வருவதற்குக் காரணம், அது விளம்பரத்துக்கென்று தனியாகச் செய்யப்படும் வேலையல்ல என்பதே. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அன்றைக்கு விலை தெரிந்தாக வேண்டும். தொழில் நடக்கிற வரை அந்தச் செய்தி வெளியாகியே தீரும். கூடவே நாமக்கல் என்ற பெயரும் போகிறது. சிறு வியாபாரியும் தன் தொழிலில் இப்படி என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். செக்கு வைத்திருப்பவர் இன்றைக்கு நல்லெண்ணெய் ஆட்டுகிறேன், லிட்டர் இன்ன விலை, நாளை காலை தெளிந்துவிடும் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம். மெஸ் நடத்துபவர் மதியக் குழம்பு என்ன என்று பத்தரை மணிக்குச் சொல்லலாம். பாடி பட்டறைக்காரர் வண்டியை ஒப்படைக்கும் அன்று ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து, எந்த வகை லாரி, எத்தனை நாளில் முடிந்தது என்று இரண்டு வரி எழுதலாம். எப்படியும் தெரிந்துவைத்திருக்கிற விவரம், எப்படியும் செய்கிற வேலை. கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு நிமிடம்.

இளம்பிள்ளையைப் பார்த்தால் இதன் வலுவும் ஆபத்தும் சேர்ந்தே தெரியும். விசைத்தறிச் சேலைகளுக்குப் பெயர்போன அந்த ஊரின் கடைகள் இப்போது யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலையை விரித்துக் காட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகின்றன. அங்கே வாங்கி வீட்டிலிருந்தபடியே மறுவிற்பனை செய்யும் பெண்கள் தமிழகம் எங்கும் இருக்கிறார்கள். தெரியாத ஊரில் ஒருவர் முன்பணம் அனுப்பத் துணிகிறார் என்றால், அதே முகமும் அதே கடையும் பலமுறை கண்ணில் பட்டுப் பழகியதால்தான். ஆனால் அந்த மேடை கடைக்காரருக்குச் சொந்தமானதல்ல. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் மட்டுமே வாடிக்கையாளரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தார்கள். எந்த ஆப் மூலம் வந்தவராக இருந்தாலும், அவர் சம்மதத்தோடு பெயரையும் எண்ணையும் ஊரையும் தனியே ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். பழைய ஜவுளிக் கடைகளில் பற்று நோட்டைக் காப்பாற்றிய கவனம் இந்த நோட்டுக்கும் வேண்டும். ஆப் மூடினாலும் அலைபேசி தொலைந்தாலும் வாடிக்கையாளர்கள் அதில் இருப்பார்கள்.

விடாமல் சொன்னால் போதுமா? நாமக்கல்லிலேயே இதற்குக் கசப்பான பதில் உண்டு. என்.இ.சி.சி. அறிவித்த விலை ஒன்று, பண்ணையில் வியாபாரி கொடுக்கும் விலை வேறொன்று என்ற வருத்தம் பண்ணைக்காரர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. இந்த வித்தியாசத்தை 'மைனஸ்' என்பார்கள். அறிவித்த விலையிலிருந்து இத்தனை காசு மைனஸ் என்று கழித்துக்கொண்டு முட்டை ஏற்றுவார்கள். மைனஸ் கூடும்போதெல்லாம், அறிவிப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியும் எழும். நாள்தோறும் ஒன்றைச் சொல்கிறவருக்கு, சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போக வேண்டிய பொறுப்பு மற்றவர்களைவிடப் பெரிது. ஸ்டேட்டஸில் ஒரு விலை, கடையில் வேறு விலை என்றால் மாதக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை கரைந்துவிடும். தொல்லையாகிவிடுமே என்ற அச்சத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். காலை வணக்கப் படங்களும், எல்லாக் குழுவுக்கும் அனுப்பும் ஒரே சலுகை அறிவிப்பும் தொல்லைதான். அப்படி அனுப்பும் எண்ணை மக்கள் பிளாக் செய்வதில் நியாயம் இருக்கிறது. விலை, இருப்பு, தயாராகும் நாள் ஆகியவை வாங்க நினைப்பவருக்கு வேண்டிய செய்திகள். வேண்டாதவர் கண்ணை நகர்த்திக்கொண்டு போவார், கோபப்பட மாட்டார். ஸ்டேட்டஸ் என்ற வசதி இதற்கு ஏற்றது. விரும்பியவர் மட்டும் திறந்து பார்க்கலாம்.

என்.இ.சி.சி. பெரிய அமைப்பு, நான் ஒற்றை ஆள் என்று சொல்பவருக்கு இதே சமவெளியில் இன்னொரு தொழில் பாடம் வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சேலத்தில் ஜவ்வரிசித் தயாரிப்பு தொடங்கியது. இன்று இரு மாவட்டங்களிலும் குச்சிக்கிழங்கு போடும் விவசாயிகள், சேகோ ஆலைகள், கூலியாட்கள் எனப் பெருங்கூட்டம் அதை நம்பியிருக்கிறது. 1981இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆலைகளின் சரக்கை ஏலத்தில் விற்றுத் தருகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவு இருந்தும், மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி கிளறுகிற குடும்பங்களுக்குச் சேலம் என்ற பெயர் அதிகம் எட்டவில்லை. மூட்டையாகப் போய் அங்கே வேறு பெயரில் பொட்டலமாகிறது. மக்காச்சோள மாவு கலப்படம், வெளுக்கும் ரசாயனம் என்று செய்தி வரும்போது நேர்மையாகத் தயாரித்த ஆலைக்கும் சேர்த்தே விலை விழுகிறது. தன் பெயரை வாங்குபவரின் காதில் போட்டுவைக்காத தொழிலுக்குத் தான் வேறு என்று காட்ட வழியில்லாமல் போகிறது. புவிசார் குறியீட்டுச் சான்றிதழ் பேசுவதற்கான உரிமையைத்தான் தருகிறது. பேச வேண்டியவர்கள் ஆலைக்காரர்கள்.

பேச வேண்டிய நாட்களைக்கூட அவர்கள் தேட வேண்டியதில்லை. மாதம் இரண்டு ஏகாதசி, மாசியில் சிவராத்திரி, வடக்கே சிராவண மாதத்துத் திங்கட்கிழமைகள், ஆண்டில் இரண்டு நவராத்திரி என்று ஜவ்வரிசி வாங்கப்படும் நாட்கள் எல்லாம் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகியிருக்கின்றன. ஓர் ஆலை உரிமையாளர் தன்னிடம் சரக்கு எடுக்கும் புனே, இந்தூர், அகமதாபாத் வியாபாரிகளுக்கு ஒவ்வொரு விரதத்துக்கும் பத்து நாள் முன்னதாக, கிழங்கு அரைத்த தேதி, தரம், கலப்படமில்லை என்ற பரிசோதனை முடிவு, விலை ஆகிய நான்கை மட்டும் அவர்கள் மொழியில் ஒரு பக்கமாக அனுப்பலாம். பொட்டலம் போடும் வியாபாரி சம்மதித்தால் உறையின் ஓரத்தில் சேலம் ஜவ்வரிசி என்ற பெயரையும் குறியீட்டு முத்திரையையும் சேர்க்கச் சொல்லலாம். குறியீட்டை ஆலைகள் தனித்தனியே பயன்படுத்துவதற்கு அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவுதான் முதல் வேலை. அதை முடித்துவிட்டு அடுத்த ஏகாதசியிலிருந்தே தொடங்கலாம். ஒரு வியாபாரிக்கு ஆண்டுக்கு முப்பது சொச்சம் கடிதம்தான், செலவும் தபால்தலை அளவுக்குள் அடங்கிவிடும்.